உர்போவுக்கு விழுந்த சிவப்பு

பிப்ரவரி 3, திங்கள்

இதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நீச்சல் கூடத்துக்கு டேப்லெட் வந்து எட்டு மாதமாகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் முழுசாகப் படித்ததில்லை. பட்டன்களை இடத்தையும் நிறத்தையும் வைத்துத்தான் தெரியும். ஏதாவது பழுதானால் வேலைச்சீட்டு திறக்க மேலே நீலம். யாரைக் கூப்பிடுவது என்பதற்கு நடுவில் பெயர்ப் பட்டியல். வேலை முடிந்தால் கீழே பச்சை. நான் அழுத்த வேண்டிய பச்சைகளை வெள்ளிக்கிழமை மொத்தமாக அழுத்துவேன், பாய்லர் அறையில், காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்துக்கொண்டு. ஐம்பத்தாறு வயதுக்கு வாரம் ஒரு படிப்பு போதாதா?

பிப்ரவரி 5, புதன்

ஆண்கள் சவுனா நீராவி அறையில் கல்லடுப்பு சூடாகவில்லை; கல் சூடாகாவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகாது. உர்போ வந்தான். தனி ஆள், ஒரு வேன், இந்த வட்டாரத்துக் கல்லடுப்பெல்லாம் அவன் கைபட்டதுதான். அடுப்பின் சூடாக்கும் மின்சுருளை மாற்றினான். முடிந்ததா என்று கேட்டதற்கு நாளைக்குச் சொல்கிறேன் என்றான். எப்போதும் இப்படித்தான். வியாழக்கிழமை முதியவர்கள் நேரத்தில் மேல் பலகையில் ஒரு மணி நேரம் தானே உட்கார்ந்து பார்க்காமல், முடிந்தது என்ற சொல் அவன் வாயிலிருந்து வராது. குளிப்பதற்குக் கூலி வாங்கும் ஆள் பின்லாந்திலேயே நீ ஒருத்தன்தான் என்றேன். சிரிக்கவில்லை. அவன் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது 2009-இல்.

பிப்ரவரி 6, வியாழன்

உட்கார்ந்தான். முடிந்ததாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மேலாளர் வில்மா கூப்பிட்டாள். என் மகளைவிடச் சின்னவள். மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்குப் பிடிக்காது, அதனால்தான்.

திரையில் சப்ளையர்கள் பட்டியல். சீட்டு திறந்ததிலிருந்து பச்சை அழுத்துகிறவரை எத்தனை நேரம் என்று டேப்லெட் தானாகக் கணக்குப் பார்த்து எல்லோருக்கும் நிறம் போடுகிறது. வெளியூர்ப் பெரிய கம்பெனி பச்சை. உர்போ சிவப்பு, மூன்று மாதமாக. மாதக் கடைசியில் நகராட்சிப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்களாம். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், நாங்கள். அவன் வேலையில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

"ஆள் நல்லவர்தான் அஹ்தி. ஆனா ஒரு வேலைக்கு நாலு நாளா?"

"மெதுவா செஞ்சாதான் மேடம் கல்லு சூடாகும்" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

படி இறங்கும்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் பச்சையைத் தங்கள் போனிலேயே அழுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பெரிய கம்பெனி ஆள் வண்டியை நிறுத்தும்போதே அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். உர்போவிடம் இருப்பது எண் அழுத்துகிற பழைய போன். அவனுக்கு அழுத்துவது நான். அந்த நாலு நாள் அவனுடையது இல்லை — என் வெள்ளிக்கிழமை.

பிப்ரவரி 12, புதன்

வில்மாவிடம் சொல்லவில்லை. இரண்டு தடவை அவள் அறை வாசல்வரை போனேன். இரண்டாவது தடவை அங்கிருந்த பல்பை மாற்றிவிட்டு வந்தேன். நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பு.

பிப்ரவரி 13, வியாழன்

உர்போ குளித்துவிட்டு பாய்லர் அறைக்கு வந்தான். நகராட்சிக் கடிதத்தை மேஜைமேல் வைத்தான்.

"நான் லேட்டாம்."

"நீயா?"

"கடிதத்துல போட்டிருக்கு." கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான். "வயசாகுதுல்ல. நமக்கே தெரியாம மெதுவாயிடுறோம்போல."

வேனை விற்றுவிட்டுத் தங்கை ஊருக்குப் போகலாமா என்று யோசிக்கிறானாம். நம்பிவிட்டான். முப்பது வருஷம் ஸ்பானர் பிடிச்ச மனுஷன் ஒரு காகிதத்த நம்பிட்டான். வாய் வரைக்கும் வந்துச்சு எனக்கு. வெளிய வரல. ஊர்ல ஒருத்தன விடாம கேலி பண்ற வாய் இது — என்னத்துக்கு இருக்கு?

பிப்ரவரி 14, வெள்ளி

வில்மாவிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமைகள், ரொட்டி, எல்லாம். கேட்டுவிட்டு, "படிக்கக் கஷ்டமா இருக்கா?" என்றாள்.

"எழுத்து குதிக்குது மேடம். பள்ளிக்கூடத்துலயே குதிச்சுது. அது நிக்கல, நான் நின்னுட்டேன்."

இந்த நோட்டில் எழுத வருகிறது, எழுதியதை வாசிப்பதுதான் இல்லை. அவள் சிரிக்கவில்லை. நகராட்சிக்கு எழுதினால் தவறு யாருடையது என்று பெயர் போட வேண்டுமாம், எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வருமாம். போடுங்கள், எப்படியும் நான் படிக்கப் போவதில்லை என்றேன். ஆனால் அது மட்டும் போதாது. உண்மையில் எப்போது முடிந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்; வாய்ப்பேச்சு செல்லாது.

 பிறகு எனக்கு பாய்லர் அறைப் பேனல் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கல்லடுப்பின் சூட்டையும் அது ஒரு வருஷத்துக்கு மணிவாரியாக வைத்திருக்கும். செத்த அடுப்பு எந்த மணிக்கு மறுபடி சூடானதோ, அதுதான் உர்போ முடித்த நேரம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இருபத்து மூன்று சீட்டு. பேனல் முன்னால் நின்று நான் எண்களைச் சொன்னேன் (எண்கள் குதிப்பதில்லை), வில்மா திருத்தினாள். நாலு நாள் என்றிருந்தது மூன்று மணி நேரமாகிறது, இரண்டே முக்கால் ஆகிறது. ஒன்று மட்டும் நிஜமாகவே இரண்டு நாள். அப்போது உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போயிருந்தான். அதை அவள் மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

உர்போவிடமும் சொன்னேன். கோப்பையைக் காலி செய்து கீழே வைத்தான்.

"அப்ப நான் லேட் இல்ல."

"இல்ல."

"ஒரு வாரமா நான் லேட்டுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவ்வளவுதான். கடைசி ரொட்டியை எடுத்துத் தின்றான். அது என்னுடையது. 

பிப்ரவரி 28, வெள்ளி

பெயர் பட்டியலில் நிற்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: இனிமேல் உர்போ புதுப் போன் வாங்கி, வேலை முடிந்த கையோடு தானே பச்சையை அழுத்த வேண்டும். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வில்மா வாசித்துக் காட்டினாள், நல்ல குரல். செவ்வாய்தோறும் நூலகத்தில் வாசிப்பு வகுப்பும் உண்டாம்.

மார்ச் 6, வியாழன்

ஆண்கள் சவுனாவில் மறுபடி சுருள் போனது. காலை 10:15-க்குச் சீட்டு திறந்தேன். உர்போ பதினொன்றுக்கு வந்தான். 12:40-க்குத் தன் போனில் தானே பச்சையை அழுத்தினான். வேலைக்காகக் கழற்றிய பியூஸைத் திரும்பப் போட மறந்துவிட்டான்.

மூன்று மணிக்கு முதியவர்கள் ஒன்பது பேர் உள்ளே போனார்கள், கூடவே உர்போவும். நான் குழந்தைகள் குளத்து வடிகட்டியில் முழங்கைவரை கையை விட்டிருந்ததால் பேனலைப் பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் அவர்கள் ஆளுக்கொரு கரண்டியாகக் குளிர்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புகார் சொல்ல ஒருவரும் எழுந்து வரவில்லை. நான் கதவைத் திறந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கொஞ்சம் இதமாத்தான் இருக்கு," என்றான் உர்போ மேல் பலகையிலிருந்து.

டேப்லெட்டில் அந்த வேலைக்குப் பச்சை, இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். தரையிலிருந்து இரண்டரை வாளி தண்ணீர் வழித்தேன்.