பண்டுவின் பத்தியம்

14 ஜூன் 2004, திங்கள்

மழை வருவது போல் காட்டிவிட்டுப் போய்விட்டது. காலையில் எங்கள் கிளி பண்டு கம்பத்திலிருந்து நழுவிக் கூண்டின் அடியில் உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்கியது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த என் மனைவி தர்மாம்பாளை எழுப்பாமல் கூண்டை என் பழைய துண்டால் மூடி, ஆட்டோ பிடித்து, கேம்ப் ஏரியாவில் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை டாக்டர் லேலேயிடம் கொண்டுபோனேன். கோந்த்வாவிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் எனக்கும் மூச்சு வாங்கிவிட்டது.

கிளிக்கு ஈரலில் கொழுப்பு. அலகு அளவுக்கு மீறி வளர்ந்திருப்பதும் அதனால்தானாம். பத்து வருடமாக வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, போதாதற்கு எங்கள் தட்டில் இருப்பதெல்லாம். இப்படியே போனால் தீபாவளி தாண்டாது என்றார். உப்பு, எண்ணெய், சர்க்கரை, காபி எதுவும் கூடாது. முளைகட்டின பயறு, வெந்தயக் கீரை, காரட், பூசணி, கொய்யா, மாதுளை, வேகவைத்த சோளம் கொடுக்கலாம். விதை கொஞ்சமாக. ஆனால் ஒரே நாளில் மாற்றக் கூடாது, பட்டினி கிடந்தே செத்துப்போகும். தினமும் எடை பார்த்துச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

சட்டப்படி இதைக் கூண்டில் வளர்க்கவே கூடாது, தெரியுமா என்றும் கேட்டார். நான் துண்டை எடுத்துக் கூண்டின் மேல் போட்டேன். அவரே, "பறக்கத் தெரியாததை இனிமேல் வெளியே விட்டால் காக்கை கொத்தும். ஒழுங்காகச் சாப்பாடு போடுங்கள், போதும்" என்று முடித்துவிட்டார்.

யார் இதற்கு வடாமும் நெய்யும் கொடுப்பது என்று கேட்டபோது, "நாங்கள்" என்றேன். நாங்கள் இல்லை. தர்மாம்பாள்.

15 ஜூன்

நேற்று திரும்பி வந்தபோதும் தர்மாம்பாள் எழுந்திருக்கவில்லை. இன்றும் அவளிடம் சொல்லவில்லை. நாளைக்கு.

17 ஜூன், வியாழன்

நாளைக்கு என்று எழுதியது இன்றும் ஆகவில்லை.

போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுடைய வலது கை சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு திரும்பி வந்துவிட்டது, கொஞ்சம் நிதானமாக. சமையலறைப் பக்கம் போவதில்லை, சமையல் நான்தான். கூண்டுக்கு அருகில் போட்ட நாற்காலியில்தான் அவள் நாள் முழுக்க. தட்டை மடியில் வைத்துக்கொண்டு தனக்கு ஒரு வாய், பண்டுவுக்கு ஒரு வாய். உருளைக்கிழங்கு ரோஸ்ட்டை அவன் காலில் பிடித்துத் தின்னும்போது அவள் சிரிக்கிறாள். அந்த ஒரு நேரம்தான் சிரிக்கிறாள். அதைப் போய் எப்படி வேண்டாம் என்பது?

இன்று தொடங்கிப் பார்த்தேன்.

"டாக்டர் எண்ணெய் வேண்டாங்கறார்."

"யாருக்கு?"

"பொதுவா."

"பொதுவா யாருக்குத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு வடாமை உடைத்து அவனுக்கு நீட்டினாள்.

வானிலை ஆபீசில் முப்பது வருடம் இருந்தவன். நாளை மழை பெய்யும் என்று ஊருக்கே சொல்ல முடிந்தது. வீட்டில் ஒரு வாக்கியம் வரவில்லை.

20 ஜூன், ஞாயிறு

கூண்டுக் கிண்ணத்தில் முளைப்பயறும் வெந்தயக் கீரையும் வைத்தேன். பண்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே எறிந்தான். கோபத்தோடு எறிந்தான் என்றே தோன்றியது. நம் தட்டில் இருப்பதைத்தான் அவன் சாப்பாடு என்று நம்புகிறான்.

மாலையில் கீழ்வீட்டு ஆயிஷா வந்தாள். திருநெல்வேலிப் பெண், அவள் புருஷன் யூசுஃப் துணிக்கடை வைத்திருக்கிறார். கையில் ஒரு டப்பா. "மாமி, மரச்சீனிக் கெழங்கு சிப்ஸ் போட்டேன். பண்டுக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன். அவனுக்குக் குடுக்கலன்னா மேல இருந்து கத்துவானே, எங்க வீடு வரைக்கும் கேக்கும்லா!"

இரண்டு பெண்களும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

23 ஜூன், புதன்

ஒரு வழி தோன்றியது. தர்மாம்பாள் பண்டுவுக்குக் கொடுப்பது அவள் தட்டிலிருந்து. அந்தத் தட்டில் விழுவது என் கையால். ஆகவே தட்டை மாற்றினால் போதும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பூசணிக் கூட்டு, பாசிப்பருப்பு, சாதம். உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. நானும் அதையேதான் சாப்பிட்டேன், அதுதானே நியாயம்.

"ஏன்னா, உப்பே போடலையே?"

"மறந்து போச்சு."

வாயில் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

26 ஜூன், சனி

இன்றும் மறந்ததாகச் சொன்னேன். உப்பு ஜாடி எங்கே என்றாள். தீர்ந்துவிட்டது, வாங்க மறந்துவிட்டேன் என்றேன். ஜாடி அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஆனால் பண்டு அவள் விரலிலிருந்து பூசணித் துண்டைத் தின்றான்! இரண்டு துண்டு. காரட்டையும் கடித்துப் பார்த்தான். சமையலறைத் தராசில் நிறுத்திப் பார்த்தேன், எடை பெரிதாகக் குறையவில்லை. டாக்டர் சொன்ன மாதிரியே நடக்கிறது.

தர்மாம்பாள் பாதிச் சாதத்தை அப்படியே வைத்துவிட்டாள். அவளுடைய டாக்டர் உப்பைக் குறைக்கத்தான் சொன்னார், நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு ஜீவனைக் காப்பாற்ற இன்னொன்றைப் பட்டினி போடுகிறேனோ?

1 ஜூலை, வியாழன்

குளித்துவிட்டு வந்தேன். அவள் போனில் எங்கள் பிள்ளை பத்ரியோடு பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள், ஆனாலும் கேட்டது. "அப்பாக்கு எல்லாம் மறந்து போறதுடா. நேத்திக்கும் உப்பு போடலை. கேட்டா திருதிருன்னு முழிக்கறார். நான் இப்படி இருக்கேன், அவரும் இப்படி ஆயிட்டா..."

ஈரத் துண்டோடு அப்படியே நின்றேன். உள்ளே போய், இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

4 ஜூலை, ஞாயிறு

பத்ரி வந்தான். அவன் இருக்கும் வாகட்டிலிருந்து இங்கே வரவே இரண்டு மணி நேரம், வாரம் முழுக்க ஹிஞ்சேவாடி ஆபீஸ் டிராஃபிக், ஞாயிற்றுக்கிழமை இது. முகத்தில் களைப்பு. உட்கார்ந்ததும் ஒரு பேப்பரை எடுத்தான். இன்டர்நெட்டிலிருந்து பிரிண்ட் எடுத்த கேள்விகள்.

"அப்பா, ஜஸ்ட் ஒரு சின்ன டெஸ்ட். நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிங்கோ."

தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு. சரியாகத்தான் வந்தது. அப்போது தர்மாம்பாளைப் பார்த்துவிட்டேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை எழுதும் குழந்தையைத் தாய் ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல. அடுத்த எண் வரவில்லை.

பத்ரி பேனாவை மூடினான். "பரவாயில்லைப்பா. இந்த வயசுல ஹோதா ஹை, சகஜம்தான். நியூராலஜிஸ்ட்டண்ட பதினாலாம் தேதி அப்பாயின்மென்ட் வாங்கிடறேன். எப்படி இருந்தாலும் ரெண்டு பேரும் எங்களோட வந்துடுங்கோ. ரூம் காலியாத்தான் இருக்கு."

"பண்டு?" என்றாள் அவள்.

"குழந்தை அம்ருதாக்கு வீசிங் இருக்கேம்மா. ரெக்கை, தூசி எல்லாம் ஒத்துக்காது. யாருக்காவது கொடுத்துடலாம். அதை யாரு வேணாலும் பாத்துப்பா."

யார் வேண்டுமானாலும் என்றால் கடலையும் சிப்ஸும் போடுகிறவர்கள். தீபாவளி தாண்டாது. இதைத் தடுக்க நான் வாயைத் திறந்தால் போதும். ஆனால் பிள்ளையின் முன்னால் என்ன சொல்வது? கிளிக்காக உன் அம்மாவுக்குப் பத்து நாளாக உப்பில்லாமல் போட்டேன் என்றா?

கேள்வித்தாளை மடித்து அவனிடமே கொடுத்தேன்.

5 ஜூலை

அறுபத்தைந்து. காபி போடும்போது வந்தது. இத்தனை எளிய கணக்கு ஏன் நேற்று வரவில்லை? மறதி உள்ளவனுக்குத் தனக்கு மறதி என்று தெரியுமா? யாரைக் கேட்பது?

7 ஜூலை, புதன்

சட்டையில் ரசக் கறையோடுதான் எழுதுகிறேன். பரவாயில்லை.

கீரை வாங்கப் போய்விட்டு வந்தேன். நாற்காலியில் அவள் இல்லை. சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். வலது கை இடுப்போரம் தொங்க, இடது கையால் அடுப்பிலிருந்து ரசப் பாத்திரத்தை இறக்கப் பார்க்கிறாள். பாத்திரம் சாய்ந்தது. ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுத்தேன். கொதிக்கிற ரசம் அவள் காலுக்கு ஒரு ஜாண் தள்ளிக் கொட்டியது. மேடை மேல் உப்பு ஜாடி. கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன பண்றே நீ!" என்று கத்தினேன். கடைசியாக அவளிடம் எப்போது கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை.

"பின்னே யார் பண்ணுவா? ஜாடியை எங்கே வச்சேள்னு கூட உங்களுக்கு ஞாபகம் இல்லை. நான் எழுந்து நடமாடினாத்தானே உங்களைப் பாத்துக்க முடியும்?" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது. அங்கேயே, ரசத்தில் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். லேலே, ஈரல், தட்டு, உப்பு, எல்லாம். தலைகீழாக, முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன்.

இடது கையால் உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "அவனுக்கு உடம்பு சரியில்லைன்னு என்னண்ட சொல்ல உங்களுக்கு வாய் வரலை?"

"நீ சிரிக்கறது அப்போ மட்டும்தானே, தர்மு."

"விஷம்னு தெரிஞ்சும் கொடுப்பேன்னு நினைச்சேளா? முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணி என்னைப் பத்தித் தெரிஞ்சுண்டது இவ்வளவுதானா?"

தரையைத் துடைத்தேன்.

8 ஜூலை

என்னோடு பேசவில்லை. பண்டுவோடு பேசுகிறாள், நான் கேட்கும்படி. "உங்க அப்பாவுக்கு நானும் நீயும் ஒண்ணுடா. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியாது. தட்டுல வச்சா தின்னுவோம்."

அவள் சொல்வது சரிதான்.

11 ஜூலை, ஞாயிறு

பத்ரியிடம் என்ன சொல்வது என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். மூன்றும் தேவைப்படவில்லை. அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"டாக்டரை வேண்டாம்னு சொல்லிடு. அப்பாவுக்கு மறதி இல்லைடா. பயம்."

"பயமா? கிஸ் சே?"

"என்னண்டதான். வேற யாரண்ட?"

கதை முழுவதையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு கோபம் வந்துவிட்டது. "பத்து நாளா தூங்கலைப்பா நான். ஆபீஸ்ல லீவ் போட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் போகும்போது என் தோளில் கை வைத்தான். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

வாகட் பேச்சு இப்போதைக்கு இல்லை. இப்போதைக்கு என்றுதான் சொல்லியிருக்கிறான்.

19 ஜூலை, திங்கள்

நான் பயந்தது போல் அவள் சோர்ந்துபோகவில்லை. லேலே சொன்னதை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டாள். நான் நறுக்கிய காரட் பெரிதாம். மீந்துபோன பயறை ஏன் இன்னும் கிண்ணத்தில் விட்டிருக்கிறேன், மழைக்காலத்தில் புளிக்காதா என்கிறாள். முன்பு எனக்கு அவளிடம் பயம் மட்டும்தான். இப்போது வேலையும் சேர்ந்துகொண்டது.

உருளைக்கிழங்குக்காகப் பண்டு காலையெல்லாம் கத்தினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் கொடுக்கவில்லை.

2 ஆகஸ்ட்

ஆயிஷா டப்பாவோடு வந்தாள். "பண்டு பத்தியத்துல இருக்கான்" என்று தர்மாம்பாள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "ஐயோ, புள்ளைக்கு என்ன மாமி?" என்று அவள் பதறிப்போய், அரை மணியில் ஒரு கொத்து முருங்கைக் கீரையோடு திரும்பி வந்தாள். அதை அவன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தின்றான்.

16 ஆகஸ்ட், திங்கள்

லேலேயிடம் காட்டினேன். அலகைச் செதுக்கிவிட்டார். மார்பில் கொழுப்பு குறைந்திருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது. இன்னும் ஆறு மாதம் இதே மாதிரி என்றார். இந்த வயதில் ஆறு மாதம் பயறு முளைகட்டுவது எவ்வளவு வேலை என்று அவருக்குத் தெரியாது. முதுகு வலி.

24 ஆகஸ்ட், செவ்வாய்

இப்போது ஒரு புதுச் சிக்கல். நாங்கள் உப்பும் எண்ணெயும் போட்டு எதைச் சாப்பிட்டாலும் பண்டுவுக்குத் தெரிந்துவிடுகிறது. பார்த்துவிட்டால் தன் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுகிறான். ஆகவே அவனுக்குக் கொடுத்து முடித்ததும் நாங்கள் இருவரும் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறோம். அவள் சுவரைப் பிடித்தபடி வருகிறாள், நான் பின்னாலேயே. அங்கே இருக்கும் இடத்தில் இரண்டு ஸ்டூல் போட்டால் முட்டி இடிக்கிறது.

இன்று ரசம், உருளைக்கிழங்கு ரோஸ்ட், சுட்ட அப்பளம். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். நான் அப்பளத்தை உடைத்தேன். வெளியே கூண்டில் சத்தம் சட்டென்று நின்றது. இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

"ரசத்துல நனைச்சுச் சாப்பிடுங்கோ" என்றாள் காதருகில். "கேட்டுடுத்துன்னா தொலைஞ்சோம்."

சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நனைத்துத்தான் சாப்பிட்டேன்.