எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம்தான், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பெல்லாம். ஆனால் போனில் கேட்ட குரல் அப்படி இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் நீ கேட்டாய்: "தூக்கம் வரலன்னு போனா, தியானம் பண்ணிப் பாருங்கன்னு டாக்டர் சொல்றார். மூணு நாள் உக்காந்தேன்பா. அன்னிக்கு லேப் லாக்கர்ல அடிச்ச போன் அன்னிக்கு எனக்குக் கேக்கல, இப்ப கண்ணை மூடினா கேக்குது. இதுக்குப் பேர் தியானமா?" பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்லி, தண்ணீர் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று போனை வைத்துவிட்டேன். மோட்டார் ஓடவே இல்லை, பாப்பா. வகுப்பில் பதில் தெரியாத கேள்வி வந்தால் நாளைக்குச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொள்வேன், அதில் எனக்கு வெட்கமில்லை. பதில் தெரிந்த கேள்வியிடமிருந்து நான் ஓடியது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எது என்பதையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் தம்பி போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து சமையலறைக் குழாயைச் சரிசெய்து கொடுத்தான். அவன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரிக்கச் சொன்னால் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். அவர்களுக்கும் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். ஆறு மாதமாக நானும் ஒரு தியான வகுப்புக்குப் போகிறேன். நூலகத்துக்கு மேலே உள்ள அறையில், சனிக்கிழமை மாலை, பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். சொல்லித் தருகிறவள் கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். எனக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் உட்காருவார். முதல் நாளே குறட்டை விட்டுவிட்டு, கண் விழித்ததும், "நான் ரொம்ப ஆழமா போயிட்டேன் சார், நீங்க எவ்வளவு தூரம் போனீங்க?" என்று கேட்டார். அம்மா போனபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நான் எவ்வளவு தூரம் போனேன் என்றா கேட்கிறாய்? மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள், மனசு வேறு எங்காவது போய்விட்டால் திரும்பி வந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள் என்று அவள் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, மடியில் ஒரு நோட்டும் சிவப்புப் பேனாவும் வைத்துக்கொண்டு, மனசு ஓடும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டேன். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்து, நூறிலிருந்து கழித்து, மதிப்பெண் போட்டேன். முதல் வாரம் முப்பத்தொன்று. அடுத்த வாரம் இருபத்தெட்டு. மூன்றாவது வாரம் தையல்காரப் பெண் நோட்டைப் பார்த்துவிட்டாள். "வகுப்புல ஒரு பிள்ளை ஜன்னலுக்கு வெளிய பாத்தா என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டாள். முதல் பத்து வருடம் சாக்பீஸ் எறிவேன், அப்புறம் புத்தி வந்து பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன் என்றேன். "கூப்பிட்டதும் திரும்பிப் பாக்குமே, அந்த இடம்தான் சார் பயிற்சி. நீங்க இன்னும் சாக்பீஸ்தான் எறியறீங்க, உங்க மேலயே." அவ்வளவு வருடம் வகுப்பெடுத்தவனுக்கு இது தோன்றவில்லை பார். நான் தப்பு என்று போட்ட கோடெல்லாம் நான் திரும்பி வந்த இடங்கள். ஆகவே மூணு நாளில் உனக்கு எதுவும் வரவில்லை என்று நினைக்காதே. லாக்கர் சத்தம் கேட்கிறது என்று உனக்குத் தெரிந்ததே, அங்கேயே நீ ஆரம்பித்துவிட்டாய். தரையில்தான் உட்கார வேண்டும் என்றில்லை, நாற்காலி போதும், பாதம் இரண்டும் தரையில் பதியட்டும், மூன்று நிமிடம் போதும், அரை மணி நேரம் உட்கார்ந்து வீராப்புக் காட்ட வேண்டாம்.

ஆனால் எனக்கு வீட்டில் உட்கார்ந்து மூன்று, நான்கு என்று எண்ணும்போதும் தினமும் ஒரே ஒரு காட்சிதான் வந்து நின்றது, அதற்குப் பேனாவை மூடி வைத்தும் பயனில்லை. அதைத் தையல்காரப் பெண்ணிடம் சொன்னேன், விவரம் சொல்லவில்லை. அவள், "எது வந்தாலும் வந்துச்சுன்னு பாத்துட்டு மூச்சுக்கு வந்துடலாம் சார். ஆனா ஒரே விஷயம் தினம் வந்து நின்னா, அது உக்காந்து செய்யற வேலை இல்ல, எழுந்து போய்ச் செய்ய வேண்டிய வேலை" என்றாள். எழுந்து வந்துதான் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள், மாடிப்படியில் உட்கார்ந்து நீ கேட்டாய், "நான் எடுக்கலன்னதும் அம்மா மறுபடி கூப்பிடணும்னு சொல்லவே இல்லையாப்பா?" இல்லை, ஒரு தடவை கூப்பிட்டாள், அப்புறம் தூங்கிவிட்டாள் என்றேன். அது பொய். அன்று காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து உன்னைக் கூப்பிட்டாள், நீ ஆய்வகத்துக்குள் இருந்தாய், போன் லாக்கரில். பதினொன்றரைக்கு மறுபடி கூப்பிடப் போனாள். நான்தான் அவள் கையிலிருந்து போனை வாங்கினேன். "அவ வேலையில இருப்பா, தொந்தரவு பண்ணாத, சாயங்காலம் நிதானமா பேசலாம்" என்று சொல்லி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அவளுக்கு எழுந்து எடுக்கத் தெம்பில்லை. பன்னிரண்டுக்கு ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தாள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நான்கு மணிக்கெல்லாம் நினைவு தப்பிவிட்டது, சாயங்காலம் வரவில்லை. போனை வாங்கும்போது, என்ன பேசப் போகிறாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னது இதுதான்: "அவளுக்கு இருமல் விட்டுச்சான்னு கேக்கணும்." பதினான்கு மாதமாக நீ எடுக்காத போனையே நினைத்துத் தூக்கத்தைத் தொலைக்கிறாய். நீ எடுக்காததற்குக் காரணம் வேலை. மறுபடி அடிக்கவிடாமல் தடுத்தது நான். அந்தப் பாரத்தில் உன்னுடையது அல்லாததை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடு. கோபம் வந்தால் வரட்டும், அது நியாயம், என்மேல் பாவம் பார்த்து அதை விழுங்க வேண்டாம்.

இருமல் விட்டதா என்று எனக்கு ஒரு வரி எழுது, அவளுக்காகக் கேட்கிறேன். டாக்டரிடம் போவதை நிறுத்திவிடாதே, தியானம் மருந்துக்கு மாற்று இல்லை. உனக்கு நல்ல தூக்கமும் அமைதியும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசி, அம்மா இருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள். என்னோடு பேசுவதோ பேசாமல் இருப்பதோ அப்புறம் முடிவு செய்துகொள். இப்போது இந்தக் கடிதத்தை மடித்து மடியில் வைத்து, கண்ணை மூடி, பத்து மூச்சு எண்ணு. நடுவில் நான் வந்தாலும் அம்மா வந்தாலும், வந்தார்கள் என்று மட்டும் தெரிந்துகொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பி.

இப்படிக்கு,
உன் அப்பா