படுதாக்குளத்தில் மீன் கடிக்காத ஞாயிறு

சனி, ஆவணி 15

காலைல தூறல். பத்து மணிக்கு மேல வெயில். தோட்டத்து மோட்டார் ரெண்டுக்குக் காயில் கட்டியாச்சு. மூணாவதுக்கு பேரிங் போச்சு. மதுரையிலருந்து வரணும்.

வீட்டுக்காரி செல்வி ரேஷன் கடைக்குப் போயிட்டா. நானே போட்டுச் சாப்பிட்டேன். ரசத்துல உப்பு தூக்கல்.

பேபிச்சேட்டன் போன். போடிமெட்டுக்கு மேல ஏலத்தோட்டம் வச்சிருக்கவர், அவர் பம்புசெட்டு எல்லாம் நம்ம கடைலதான் ரிப்பேர். தோட்டத்துல குழி வெட்டிப் படுதா விரிச்சு ஒரு குளம். அதுல ஜிலேபி, கட்லா மீன் வளக்குறார். நாளையோட இந்தச் சுத்து ஏலப்பழம் எடுப்பு முடியுதாம். எடுத்த பொம்பளையாளுகளுக்கு மத்தியானம் கப்பைக் கிழங்கும் மீன்கொழம்பும்னு சொல்லிட்டாராம். வலைக்காரன் கைய விரிச்சுட்டான்.

"நீங்க தூண்டில் போட்டா கிட்டுமோ?"

"கிட்டும் சேட்டா. நாளைக்கு மாதிரி ஒரு நாள் வராது."

எதை வச்சுச் சொன்னேன்? தூண்டில்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டதே இங்கயும்:
– நாளை மறுநாள் அமாவாசை. இருட்டு ராத்திரில மீன் சரியா மேயாது. காலைல பசியில நிக்கும்.
– மழைக்கு முன்னாடி காத்தழுத்தம் இறங்கும். இறங்குற நேரம் மீன் அவசர அவசரமா தின்னும்.
– புதுப் போன்ல அழுத்தம் காட்டுற மீட்டர் இருக்கு. இனி இன்டர்நெட்ட நம்ப வேணாம்.

குரூப்ல எல்லாரும் 'நிலா அண்ணே'ங்குறாய்ங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்லக் கூடாது.

மைதா, மண்புழு, தக்கை. மறக்காம குடை.

ஞாயிறு, ஆவணி 16

சாயங்காலம் எழுதுறேன். கை இன்னும் மண்புழு நாறுது. மீன் நாத்தம் இல்ல.

காலைல குமரேசன் ஜீப்புல ஏறினேன். ராசிங்காபுரத்துலருந்து ஆள் ஏத்தி வர்ற வண்டி. உள்ள நெருக்கம். எதுத்தாப்ல பாக்கியம்னு ஒரு பொம்பள, நாப்பது இருக்கும். மடியில பெரிய டப்பா. வீட்டுலயே மசாலா அரைச்சுக் கொண்டாந்திருச்சு. கொழம்பு வைக்கிற சோலி அதுக்கு.

"நல்ல மீனா புடிங்கண்ணே. நாளைக்கு அமாவாச, கவுச்சி கெடையாது."

முந்தல் தாண்டி வண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் போனை எடுத்துப் பாத்தேன். அழுத்தம் இறங்குது. ஒவ்வொரு வளைவுக்கும் இறங்குது. வீட்டுல தொள்ளாயிரத்துச் சொச்சம். மேல போய்ச் சேந்தப்ப எண்ணூத்துச் சொச்சம். என் ஆயுசுல இப்படி ஒரு இறக்கம் பாத்ததில்ல. ரெண்டு மூணு புள்ளி இறங்குனாலே விசேஷம்னு நானே எழுதியிருக்கேன். வண்டியே கேக்குற மாதிரி சொன்னேன், "இன்னைக்கு மீன் பைத்தியம் புடிச்ச மாதிரி கடிக்கும்"னு. குரூப்லயும் போட்டேன்.

காது அடைச்சது. எச்சில முழுங்கி சரி பண்ணிக்கிட்டேன். அப்பயும் புத்தி வரல.

மூணு தூண்டில் போட்டேன். மைதா, புழு, ரெண்டையும் மாத்தி மாத்தி. தக்கை அசையல. லேசா மூடுபனி, மழை இல்ல. கொட்டகைல கப்பை வெந்தாச்சு. பாக்கியம் கொழம்பைக் கூட்டி வச்சுட்டு வந்து வந்து பாக்குது. பேபிச்சேட்டன் பின்னாடி நின்னுக்கிட்டு "கிட்டியோ? கிட்டியோ?" மத்தியானம் ஆச்சு. பொம்பளையாளுக தட்டோட வந்து கரையில உக்காந்துட்டாங்க.

எல்லார் கண்ணும் என் முதுகுல.

அப்பத்தான் வாயில வந்துச்சு. பாக்கியம் காலைல அந்தக் கரையோரமா கப்பைச் சட்டியக் கழுவுனதப் பாத்தேன். "சோப்புத் தண்ணிய விட்டுட்டு மீன் கடிக்கலன்னா எப்புடிக் கடிக்கும்? இந்தம்மா பண்ணுன வேலை."

"நான் சோப்பே தொடலண்ணே. வெறும் தண்ணிலதான் கழுவுனேன்."

"நாந்தான் பாத்தேனே."

சோப்பு பாக்கல. சட்டியத்தான் பாத்தேன்.

பேபிச்சேட்டன் சத்தம் போட்டுட்டார். குளத்து மீனெல்லாம் செத்தா யார் சமாதானம் சொல்றது, புத்தி இல்லையா, இனி இங்க வர வேண்டா. எல்லார் முன்னாடியும். பாக்கியம் என்னையத்தான் பாத்துச்சு, அவரை இல்ல. நான் தூண்டில் நூலைச் சுத்திக்கிட்டு நின்னேன்.

மீன் இல்லாத கொழம்பைக் கப்பைல ஊத்திச் சாப்பிட்டாங்க. எனக்கும் ஒரு தட்டு வந்துச்சு. நல்லா இருந்துச்சு கொழம்பு. பாக்கியம் சாப்பிடல.

எறங்குறப்ப அதே ஜீப்பு, அதே எதுத்த சீட்டு. சும்மா இருக்க முடியாம போனை எடுத்தேன். அழுத்தம் ஏறிக்கிட்டு இருந்துச்சு. முதல் வளைவுல கொஞ்சம். அடுத்த வளைவுல இன்னும் கொஞ்சம். வானத்துல ஒரு மாத்தமும் இல்ல. வண்டி எறங்குது, நம்பர் ஏறுது. முந்தல் வர்றப்ப காலைல வீட்டுல இருந்த நம்பர்.

மலை. வெறும் மலை. உசரம் போகப் போகக் காத்து கொறையுது, அவ்வளவுதான். மழையும் இல்ல, மீனும் இல்ல. எட்டாங்கிளாஸ் பையன் சொல்லுவான்.

போனைக் கவுத்தி மடியில வச்சுக்கிட்டேன். பாக்கியம் முழங்கால் என் முழங்கால்ல இடிச்சுக்கிட்டே வந்துச்சு. அப்பவே சொல்லியிருக்கலாம்.

திங்கள், ஆவணி 17. அமாவாசை

வெயில். கடை அரை நாள். வாழைக்காய்ப் பொரியல், பாயசம்.

குரூப்ல கேக்குறாய்ங்க, எத்தனை கிலோண்ணே, போட்டோ போடுங்கண்ணே. 'குளத்துத் தண்ணி சரியில்ல'ன்னு எழுதினேன். அனுப்பிட்டேன். திரும்பவும் அதே பொய்தான், கொஞ்சம் நாகரிகமா. அழிக்கப் போனா அதுக்குள்ள நாலு பேர் பாத்தாச்சு.

எதுத்த லாட்ஜ் மொட்டை மாடிக்குப் போனேன், போனோட. படி ஏற ஏற நம்பர் துளித்துளியா இறங்குச்சு. கீழ வந்தா பழைய நம்பர். திரும்ப ஏறினேன். செல்வி வாசல்ல நின்னு பாத்துருக்கா.

"மாடில என்ன தேடுறீக?"

"ஒண்ணுமில்ல."

"மூஞ்சி சரியில்லையே."

அவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அப்புறம், "அந்தப் பொம்பளைக்கு வேலை போச்சா?"ன்னு மட்டும் கேட்டா. தெரியலன்னேன். "மொதல்ல அதத் தெரிஞ்சுக்கங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா.

நிலாவப் பத்தியும் யோசிச்சேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நெறையப் புடிச்சிருக்கேன், நிசம். அரை நிலாவுலயும் புடிச்சிருக்கேன். அமாவாசைல வெறுங்கையோட திரும்பியும் இருக்கேன். ஆனா வெறுங்கைய எவன் போட்டோ எடுத்து குரூப்ல போடுவான்? கிடைச்ச நாளா போட்டுப் போட்டு எனக்கே நம்பிக்கை வந்துருச்சு. நிலா பேர்ல தப்பு இருக்கோ என்னவோ. எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசுனேன், அதான்.

செவ்வாய், ஆவணி 18

மேகம். பேரிங் வந்துச்சு, சைஸ் தப்பு. திருப்பி அனுப்பணும்.

குமரேசன் ஜீப்பு ஹாரன் வயர் மாத்த வந்தான். கேட்டேன். "அந்தக்கா இன்னைக்குக் களையெடுப்புக்கு வண்டி ஏறலண்ணே. சேட்டன் வேணாம்னுட்டாராம்ல. ஊருக்குள்ள வேற பேரு, எஸ்டேட்டு குளத்துல சோப்பக் கலந்தவன்னு." சிரிச்சுக்கிட்டே சொன்னான். அவனுக்கு அது வெளையாட்டு.

கடையப் பூட்டிட்டு ராசிங்காபுரம் பஸ்சு. பாக்கியம் வீடு விசாரிச்சுப் போனேன். ஆள் கடலைக் காட்டுல இருக்குன்னாங்க, அரைக் கூலிக்கு. வரப்புல நின்னேன். தலைத்துண்ட அவுத்துக்கிட்டே வந்துச்சு.

சொன்னேன். மலை ஏறுனதாலதான் அழுத்தம் இறங்குச்சு. நான் கணிச்சது தப்பு. சோப்ப நான் பாக்கல. பொய் சொன்னேன்.

கையில இருந்த கடலைச் செடியோட மண்ண உதறிக்கிட்டு நின்னுச்சு.

"அழுத்தம் கிழுத்தமெல்லாம் எனக்கு என்னத்துக்குண்ணே. என் பேரச் சொன்னீகள்ல, அது ஏன்?"

"எல்லாரும் என்னையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

"இப்ப என்னைய பாக்குறாக."

அங்கயே பேபிச்சேட்டனுக்குப் போன் போட்டேன். அவர் சிரிச்சார். "அதுக்கா? விடு. நாளைக்கு வரச் சொல்லு." ரெண்டு வார்த்தைல முடிஞ்சுபோச்சு அவருக்கு. பாக்கியத்துக்கிட்ட சொன்னேன், வரச் சொல்லிட்டாருன்னு. அது மூஞ்சி மாறல.

"திட்டுனது எல்லாரும் இருக்கைல. இங்க வரப்புல வந்து சொன்னா யாருக்குக் கேக்கும்? காலைல ஜீப்புக்கு வாங்க. அங்க சொல்லுங்க."

சரின்னேன். சரின்னு சொல்ல அவ்வளவு நேரம் ஆச்சு எனக்கு.

பஸ்சுல வர்றப்ப உடம்பு சரியில்லன்னு சொல்லிரலாமான்னு தோணுச்சு. இதையும் எழுதி வைக்கிறேன்.

குரூப்ல உண்மைய எழுதிப் போட்டாச்சு. ரெண்டு பேர் சிரிப்பு பொம்மை. ஒருத்தன், 'அப்ப போன மாசம் என்னைய லீவு போடச் சொன்னீங்களே?'

புதன், ஆவணி 19

தூறல். காத்து.

தூண்டில் இல்லாம, வண்டி கெளம்புற ராசிங்காபுரத்துக்கே போனேன். குமரேசன் ஒரு மாதிரி பாத்தான். பாக்கியம் ஏறி, கடைசி சீட்டுல உக்காந்துச்சு. அதே பொம்பளையாளுக. வண்டி கெளம்புனதும் சொல்லிரணும்னு நெனச்சேன். கெளம்புச்சு. சொல்லல. டீக்கடை தாண்டுச்சு. செல்வி மூஞ்சி ஞாபகம் வந்துச்சு.

"ஞாயித்துக்கிழம இந்தம்மா சோப்புப் போடல. நான் பாக்கவும் இல்ல. மீன் கடிக்கும்னு சொன்னது என் தப்பு, கடிக்கலன்னதும் இவங்க மேல போட்டுட்டேன்."

பக்கத்துல இருந்த வயசானம்மா, "அப்ப ஏன் கடிக்கல?"

"தெரியலத்தா."

"அன்னைக்குத் தெரியும்னீக."

"தெரியாது."

யாரோ லேசா சிரிச்சாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

கடைசி சீட்டுலருந்து பாக்கியம்: "முன்னாடி டிரைவர் பக்கத்துல இருக்கவுகளுக்குக் கேக்கலண்ணே. இஞ்சின் சத்தம். இன்னொருக்கா சொல்லுங்க."

முன்பக்கம் திரும்பி, கம்பியப் புடிச்சுக்கிட்டு, எல்லாத்தையும் முதல்லருந்து சொன்னேன். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு.

முந்தல்ல எறங்கிட்டேன். பாக்கியம் காலை நகட்டி வழி விட்டுச்சு.