வேகவைத்த மண்

தண்ணீர் குறைவில்லை அக்கா. வெயிலும் காரணமில்லை. கன்றுகள் எப்படி இருக்கின்றன என்று அத்தான் மூலம் மூன்று முறை கேட்டனுப்பிவிட்டாய். நான் பதில் சொல்லாததற்குக் காரணம் வேறு.

அன்புள்ள அக்காவுக்கு என்று தொடங்கியிருக்க வேண்டும். அப்படித் தொடங்கிய நான்கு தாள்களும் கசங்கிக் கிடக்கின்றன.

ஆஸ்பத்திரியில் உன் அறைக்குள் காகிதத்தை விடமாட்டார்கள். அத்தான்தான் கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் படித்துக்காட்டுவார். அத்தான், எதையும் விட்டுவிடாமல் படியுங்கள். முகத்தை மாற்றாமலும். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தாய்மரத்தடியில் நீ பொறுக்கித் தந்த பைன் விதைகள் முளைத்தன. இருநூற்றுப் பன்னிரண்டு. ஐந்து மாதமாகியும் சுண்டுவிரல் உயரம்தான். ஊசியிலைகள் ஊதாவாகிவிட்டன. உரம் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். தட்டு நிறைய வைத்தும் வாய் திறக்காத பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன.

போன வாரம் ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தேன். வழுவழுவென்று சுத்தமாக இருந்தது. நீ முன்பு காட்டியது நினைவிருக்கிறது. நல்ல கன்றின் சிறுவேர்கள் கவட்டைபோல் பிரிந்திருக்கும், அவற்றின்மேல் வெள்ளையாக ஓர் உறை இருக்கும். அந்தப் பூஞ்சை நூல் நூலாக வெளியே போய், வேர் எட்டாத இடத்திலிருந்து தண்ணீரும் சத்தும் கொண்டுவரும். கன்று அதற்குச் சர்க்கரை கொடுக்கும். இதில் உறை இல்லை. நூல் இல்லை.

நான்தான் கொன்றேன்.

முதல் தடவை நீ அந்த அறையில் இருந்தபோது, இரண்டு மாதம் ஸ்பூனைக் கொதிக்க வைத்தேன். கதவுக் கைப்பிடியைத் துடைத்தேன். தோல் உரியும்வரை கை கழுவினேன். ஒரு கிருமி போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திரும்பி வந்து நர்சரிக்குள் கால் வைத்தால், மண் முழுவதும் கிருமியாகத் தெரிந்தது. டிரம்மில் போட்டு நான்கு மணி நேரம் ஆவியில் வேகவைத்தேன்.

உன் குறிப்பேட்டில் இருந்தது: விதைக்கும்போது தொட்டிக்கு ஒரு பிடி, தாய்மரத்தடி மண். படித்தேன். போடவில்லை. மறதி இல்லை அக்கா. பயம்.

மேலாளர் வந்து பார்த்தார். "மண்ணுக்கே ஆபரேஷன் பண்ணிட்டியேம்மா" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கன்று மேடையைக் காலி பண்ணு, வேற விதை போட்டுக்கலாம் என்றார். வேறு விதை ஏது?

அத்தான், இதையும் படியுங்கள். தாய்மரம் போன மாதக் காற்றில் சாய்ந்துவிட்டது. இந்தக் கன்றுகள்தான் மிச்சம்.

சனிக்கிழமை அங்கே போனேன். ஒரு பக்கத்து வேர்கள் வானம் பார்த்துக் கிடக்கின்றன. மறுபக்கம் இன்னும் மண்ணுக்குள். கிளறினால் வெள்ளை நூல்கள், காளான் வாசனை. இரண்டு வாளி மண் கொண்டுவந்தேன். மேலாளர் உள்ளே விட மறுக்கிறார். வேரழுகல் நோயும் அதிலேயே இருந்தால் என்ன செய்வாய், பக்கத்து மேடைக்கும் போகாதா என்று கேட்கிறார். அவர் கேட்பது நியாயம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வாழவைப்பதும் நூல். அழுகவைப்பதும் நூல். எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறியதா என்று தினமும் அத்தானிடம் கேட்கிறேன். ஏறும் என்கிறார். நான் கேட்டது அதில்லை.

கோபம் வந்தால் நல்லது. ஆனால் போனில் திட்டாதே. இங்கே வந்து, பக்கத்தில் நின்று, எல்லோர் முன்னாலும் காதைத் திருகித் திட்டு. எவ்வளவு நாளானாலும் காத்திருப்பேன். நன்றாக இரு அக்கா. நன்றாகக்கூட வேண்டாம். இரு.

உன் தங்கை

வெள்ளி, காலை: வெளியே மதில் ஓரம் தனியாக வைத்துக்கொள்கிறேன் என்று மேலாளரிடம் கெஞ்சினேன். என் கண்ணுல படாம வெச்சுக்கோ என்று போய்விட்டார். எல்லாத் தொட்டிகளையும் சுமந்துபோய் வைத்தேன். தொட்டிக்கு ஒரு பிடி தாய்மரத்தடி மண்ணை வேரோரம் புதைத்தேன். கையுறை போடவில்லை. தண்ணீர் ஊற்றினேன்.