அப்பா பக்கத்தில் நீ இருந்த படம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பது போனைத் திறந்தாலே தெரிகிறது, அதனால் கேட்கவில்லை. இங்கே அப்பா இரண்டு தலையணை வைத்தால் எழுந்து உட்காருகிறார், எனக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, மற்றபடி நலம்.

அப்பாவின் குடலிறக்க ஆபரேஷன் அன்றைக்கு நீ ஒரு படம் போட்டாயே, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், அது மூன்று வருஷம் முந்தி அவர் காய்ச்சலில் கிடந்தபோது எடுத்தது. அதற்குக் கீழே அப்பாவின் பக்கத்தில் என்று எழுதியிருக்கிறாய், ஐந்நூறு பேர் உன்னை நல்ல பிள்ளை என்று சொல்லியிருக்கிறார்கள். நம் சொந்தமும் பார்த்தது. துணைக்கு வருகிறேன் என்று மூன்று நாள் லீவு சொல்லி வைத்திருந்த உன் மாமா, அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். கேட்டால், பையனே வந்துட்டான், நாம எதுக்குக் கூட்டம்னு இருந்துட்டேன்க்கா என்கிறான். அவன் மேல் என்ன தப்பு? மறுநாள் அப்பாவைப் பாத்ரூமுக்கு நான் ஒருத்தியாகத் தாங்கிக்கொண்டு போனேன், கால் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தோம், அவருக்குத் தையல் பிரிந்துவிட்டது. தையல்காரி எனக்குப் பிரிந்த தையலோடுதான் பிழைப்பே, ஆனால் அதைப் பார்க்க முடியாமல் நர்ஸம்மா தோளில் சாய்ந்து அழுதேன்.

இதைப் போனில் சொன்னால், ஐயோ அம்மா, அது சும்மா ஆன்லைன்ல போட்டது, ரியல் லைஃப் வேறம்மா என்கிறாய். அப்புறம் ஆஃப்லைன் என்கிறாய், இன் பெர்சன் என்கிறாய், எத்தனை வார்த்தைடா வைத்திருக்கிறாய்! எனக்கு இருப்பது ஒரே வாழ்க்கை, முன்னால் ரியல் என்று ஒட்டிச் சொல்ல இன்னொன்று கிடையாது. வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். இன்னும் கேள். அப்பா வேலை பார்க்கும் பட்டறையின் ஃபோர்மேன் பார்க்க வந்தவர், உங்க பையன் வந்திருந்தானாமே என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். தான் மயக்கத்தில் கிடந்த நேரம் நீ வந்து போனதாக அப்பா நம்பிவிட்டார், ஏன்டி என்னை எழுப்பலை என்று என்னிடம் சண்டை பிடித்தார். இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம், என் பையன் ஃப்ளைட் பிடிச்சு வந்து பார்த்துட்டுப் போனான் என்கிறார், முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். நீ போட்ட படத்தை நீ அழித்துவிடலாம், நான் இதை எப்படி அழிப்பேன்?

வேளைக்குச் சாப்பிடு, நூறு வயசு நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னிடம் பேசுவார். என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டார், நான் தைத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை என்று சொல்லியிருக்கிறேன். மாற்றிச் சொல்லித் தொலைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா