முந்திச் சொன்ன சாட்சி

21 அக்., செவ்வாய்

விடிந்ததிலிருந்தே மழை. தோய்த்த பெட்சீட் மூன்று நாளாகக் காயவில்லை. வீடு முழுக்கப் புளித்த வாடை.

இன்று டயாலிசிஸ் நாள். கிழமைக்கு இரண்டு: செவ்வாய், வெள்ளி. என் வீட்டுக்காரர் சேகர் போகவில்லை. பக்கத்து வீட்டு ரிஷாட் நானா வழமை போல் ஆறு மணிக்கே ஆட்டோவோடு வந்து நின்றார். இவர் கதவைக்கூடத் திறக்கவில்லை.

என்னால்தான். ஞாயிறு சபையில் சாட்சி நேரம். எல்லாரும் எழும்பி எழும்பிச் சொல்கிறார்கள். ஒருத்திக்கு வீசா, ஒருத்திக்குப் பிள்ளை. நான் ஒரு வருடமாக வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சபையில் ஒரு வழக்கம், கிடைக்குமுன்பே கிடைத்துவிட்டது என்று சாட்சி சொல்வது. அதுதான் விசுவாசமாம். எழும்பினேன். "என் வீட்டுக்காரரோட கிட்னிய கர்த்தர் சுகமாக்கிட்டாரு" என்று வாய் கூசாமல் சொன்னேன். ஒரே கைதட்டல். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இவர் ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதம். குழந்தை மாதிரி நம்பிவிட்டார். "நீ சபைக்கு முன்னால எந்திரிச்சு சொல்லிட்ட. இனி மெஷின்ல போய்ப் படுத்தா கர்த்தர நம்பலேன்னு ஆயிரும்" என்கிறார்.

மேல் வீட்டிலிருந்து தீபாவளி முறுக்கு வந்தது. அவருக்கு உப்பு ஆகாது. நானே எல்லாவற்றையும் தின்றேன்.

23, வியாழன்

துணிக்கடைக்கு லீவு சொன்னேன். மழை விட்டு விட்டு. இவர் நிலைமை:

– கால் வீக்கம் முழங்கால் வரை. விரலால் அழுத்தினால் குழி.
– படுக்க முடியவில்லை. கதிரையில் உட்கார்ந்தே தூக்கம்.
– சோறு வேண்டாம். தண்ணீர், தண்ணீர்.
– பாட்டு மட்டும் பாடுகிறார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு.

பாஸ்டரம்மாவுக்கு போன். "சந்தேகத்துக்கு எடம் குடுக்காதீங்க சிஸ்டர். கால் வீங்குறதெல்லாம் சாத்தானோட பயமுறுத்தல்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவுமில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கெட்டிக்காரி.

ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் என் குரல் எனக்கே அருவருப்பு. ஆண்டவருக்கு மட்டும் பிடிக்குமா?

உண்மையைச் சொன்னால் இவரது விசுவாசம் போகும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் இரண்டு நாளாக யோசிக்கிறேன். சீ.

24, வெள்ளி

சொல்லிவிட்டேன். காலை ஐந்தரை. "கர்த்தர் எனக்கு ஒண்ணும் சொல்லலங்க. சுகம்னு நானே கட்டிச் சொன்னது. எல்லாருக்கும் இருக்கு, நமக்கு மட்டும் ஒண்ணும் இல்லையேன்னு..."

அவர் கேட்டார்: "அப்ப இந்த அஞ்சு நாளா நான் யார நம்பிக் கெடந்தேன், மேரி?"

ஏசியிருக்கலாம். ஏசவில்லை.

எழும்பவும் முடியவில்லை அவருக்கு. ரிஷாட் நானா கதிரையோடு சேர்த்துத் தூக்கினார். "கதைய வழியில கதைப்பம் தங்கச்சி, அந்தப் பக்கத்தப் புடிங்க." ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தென்னக்கும்புர பாலத்தில் அரை மணி நேரம் ட்ராஃபிக்.

டொக்டர்: நுரையீரலில் தண்ணீர். இதயம் பழுது. இனி மெஷினைத் தாங்குவாரா என்பதே சந்தேகம். "ஒரு நாளும் தவறாமல் வருகிற ஆளாச்சே, என்ன நடந்தது?" என்று கேட்டார். மழை என்றேன். இன்னொரு பொய்.

26, ஞாயிறு

சபைக்குத் தனியே, பஸ்ஸில். சாட்சி நேரத்தில் எழும்பினேன்.

"போன கெழம நான் சொன்னது பொய். அவருக்கு சுகம் இல்ல. அத நம்பி மெஷினுக்குப் போகாம இப்ப சாகக் கெடக்குறாரு. இவ்வளவுதான் என் சாட்சி."

ஒருவர்கூட ஆமென் சொல்லவில்லை. கீபோர்டும் நின்றுவிட்டது. பாஸ்டரம்மா மைக்கை வாங்கி, "அடுத்த சாட்சி" என்றார். பக்கத்துச் சகோதரி என் அருகே இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்து, ஆண்டவரே என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க முகமில்லை. ஒரு வருடத்தில் நடிக்காமல் செய்த ஜெபம் இது ஒன்றுதான். ஆறுதல் வந்ததா? வரவில்லை. உள்ளதை எழுதி வைக்கிறேன்.

27, திங்கள்

வெயில். வார்டில் பார்வை நேரம் பன்னிரண்டு முதல் ஒன்று. வாயையும் மூக்கையும் மூடி ஒட்சிசன் மாஸ்க். கை சில்லென்று இருக்கிறது. சொந்தக்காரர்கள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார் டொக்டர். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கொழும்பில் இருக்கும் மகளுக்கு போன் எடுத்தேன். அழுதாள்.

சபையில் என்ன நடந்தது என்று மாஸ்க்குக்குள்ளிருந்தே கேட்டார். சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஆமென் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் இல்ல."

மாஸ்கை இழுத்து இறக்கினார். மூச்செடுக்கவே வெகு நேரம் சென்றது.

"ஆமென்" என்றார்.

நர்ஸ் ஓடி வந்து சிங்களத்தில் ஏசினார், மாஸ்கைக் கழற்றக் கூடாதென்று. ஏச்சு முழுக்க எனக்குத்தான்.