வளைவு முழுசாக விழுந்த படம்

புது பிளாஸ்டிக் வாளிக்கு ஒரு வாடை உண்டு. இன்று காலை பஸ்ஸில் ஏறியதும் அதுதான் முகத்தில் அடித்தது. நடைவழியெல்லாம் வாளிகள், சுருட்டிய பாய்கள், பூட்டுத் தொங்கும் பெட்டிகள். பல்கலைக்கழகத்தில் புது செமஸ்டர் தொடங்குகிறது. விடுதிக்குப் போகிற பிள்ளைகளில் ஒருத்தி என் தம்பி மகள் தாரணி. தம்பிக்குத் தறியை நிறுத்திவிட்டு வர முடியவில்லை. வெண்ணந்தூரிலிருந்து அவளைக் கூட்டிவந்து சேர்த்துவிடும் வேலை எனக்கு வந்தது. அந்த வாடையோடு உங்கள் நினைவும் வந்தது.

ஒவ்வொரு செமஸ்டரும் தொடங்கும் நாளில் நாம் இருவரும் அங்கே போவோம். நான் எழுத, நீங்கள் படமெடுக்க. நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வேண்டியது எப்போதும் ஒரே படம்தான். புது மாணவர்கள் சிரிக்க வேண்டும், பின்னால் நுழைவு வளைவு முழுதாகத் தெரிய வேண்டும், அதிலுள்ள பெயரைப் படிக்க முடிய வேண்டும். வளைவு நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்கிறது, அகலமும் அதிகம். பிள்ளைகளை வளைவின் அடியில் நிறுத்திவிட்டு நீங்கள் பின்னால் பின்னால் போவீர்கள். சாலையைக் கடந்து நடுத்திட்டில் ஏறினாலும் போதாது. அரளிச் செடிகளை விலக்கி, மறுபக்கத்துச் சாலையில் ஒரு காலை ஊன்றினால்தான் வளைவின் இரண்டு தூண்களும் உள்ளே வரும். அப்போது உங்கள் கண் கேமராப் பெட்டிக்குள் இருக்கும். உங்கள் முதுகு, மேம்பாலத்திலிருந்து இறங்கிவரும் வண்டிகளுக்கு நேராக இருக்கும்.

அதற்காக நாம் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். நான் உங்கள் பக்கத்தில், உங்களுக்கு நேர் எதிர்த் திசையைப் பார்த்து நிற்பேன். என் கை உங்கள் இடுப்பு பெல்ட்டைப் பிடித்திருக்கும். வண்டி வந்தால் பேச்சே கிடையாது, இழுத்துவிடுவேன். படம் கலைந்தால் கலையட்டும்.

"ஏனுங்க, வாரது லாரிங்களா, பஸ்ஸுங்களா?" என்று திரும்பாமலே கேட்பீர்கள்.

"எதுவா இருந்தா உங்களுக்கென்ன? சீக்கிரம் எடுங்க."

"லாரின்னா இன்னொன்னு எடுத்துக்கலாம். பஸ்ஸுக்காரன்தான் ஈவு இரக்கம் பாக்க மாட்டான்."

எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். "என்னங்க ரிப்போர்ட்டரு, உங்க மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இடுப்புல இருக்குதாட்ட!" நீங்களும் விடமாட்டீர்கள். "கட்டுனவகூட என்னைய இப்படிப் புடிச்சதில்லீங்க அக்கா. இந்த மனுசன் உட்டா நான் போயிருவேன்னு பயம்."

சிரிப்பதற்கென்று சொன்ன பேச்சு அது.

பிறகு என்னை நாமக்கல்லுக்கு மாற்றினார்கள். அடுத்த செமஸ்டர் தொடங்கிய நாளில் நீங்கள் தனியாகப் போனீர்கள். அன்று நான் புதுச்சத்திரத்துக்கு அருகே ஒரு கோழிப்பண்ணை தீ விபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. மறுநாள் நம் பத்திரிகையிலேயே, உள்பக்கத்தில், சின்னதாகப் போட்டிருந்தார்கள்: "சாலையைக் கடக்க முயன்றபோது லாரி மோதியது." காவல் நிலையத்தில் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்ட வாசகம். சாலையில் யார் அடிபட்டாலும் அவர் கடக்க முயன்றவராகிவிடுகிறார். நீங்கள் கடக்கவில்லை என்று டீக்கடை அம்மா என்னிடம் சொன்னார். நின்ற இடத்திலிருந்து ஓரடி பின்னால் வைத்தீர்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது அந்த வாசகம் மட்டுமே.

இன்று நாங்கள் இறங்கியபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது நடுத்திட்டுதான். விடுமுறையில் அரளி நன்றாக வளர்ந்து பூத்திருந்தது. வளைவுக்கு நேர் எதிரே மட்டும், ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு, மிதிபட்டுத் தரையோடு கிடந்தது. அங்கே ஒரு பையன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் திட்டின்மேல் நாலைந்து பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். இப்போது இது வழக்கமாகிவிட்டது. முதல் நாளில் வளைவு முழுசாக விழுந்த படம் இல்லாவிட்டால் சேர்ந்ததாகவே கணக்கில்லையாம். யார் தொடங்கி வைத்தது என்று விசாரித்துப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. காவலாளி விசில் ஊதினார். பிள்ளைகள் விசிலுக்குக் கைதட்டினார்கள்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்று மேம்பாலத்திலிருந்து இறங்கி வந்தது. பையன் அதன் காற்றில் சட்டை படபடக்க அப்படியே நின்றான், கண்ணைத் திருப்பவில்லை. "வந்திருச்சு, வந்திருச்சு, ரெண்டு தூணும் வந்திருச்சு!" என்று கத்தினான்.

தாரணி என்னைப் பார்த்தாள். "பெரிப்பா, எனக்கும் ஒண்ணு..."

"உள்ள போயி எடுத்துக்கலாம் வா."

உள்ளே வேப்பமரத்தடியில் நிறுத்தி நானே எடுத்தேன். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "வளைவே இல்லீங்களே. இது எங்கியோ சந்தைக்குப் போன மாதிரி இருக்குதுங்க."

அவளிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை. அந்த ரோட்டில் ஒரு போட்டோக்காரர், என் சிநேகிதர், இறந்துபோனார் என்றேன்.

"தெரியுமுங்க. அப்பா சொல்லியிருக்குது. ரோட்டக் கடக்கறப்ப."

"கடக்கறப்ப இல்ல சாமி..." என்று தொடங்கினேன். அதற்குள் அறை ஒதுக்குகிற பெண்மணி அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பிறகு பெட்டி, மெத்தை, மின்விசிறி சுற்றவில்லை என்ற புகார். நான் கிளம்பும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் சொல்கிற பேச்சாக அது தெரியவில்லை. சாலை பக்கம் போகாதே என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினாள்.

சாயங்காலம் வீட்டில் காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. தாரணி சிரிக்கிறாள். நல்ல வெளிச்சம். தலைக்குமேல் பெயர் தெளிவாக இருக்கிறது. இடது தூண், வலது தூண், இரண்டும் உள்ளே.

உங்களோடு வேலை பார்த்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட குணம் இது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதிலிருக்கும் முகத்தைப் பார்க்க எனக்கு வருவதில்லை. எடுத்தவர் எங்கே நின்றார், அவர் முதுகுக்குப் பின்னால் என்ன வந்துகொண்டிருந்தது என்றுதான் பார்க்கிறேன். கல்யாண வீட்டு ஆல்பத்தைக்கூட அப்படித்தான் புரட்டுகிறேன்.

போன் போட்டேன். "யாரு எடுத்தது?"

"எங்க ரூமுப் புள்ள ஒருத்திங்க பெரிப்பா. திட்டாதீங்க. கடக்கறப்ப ரெண்டு பக்கமும் பாத்துத்தான் போனமுங்க. அப்புறம் நான் அவளுக்கு எடுத்துக் குடுத்தேன்."

அவள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். "நான் எடுத்தாத்தான் நல்லா விழுகுதாமா. நாளைக்குக் காலைல எங்க வராண்டாவுல இருக்கற அத்தன பேருக்கும் நான்தான் எடுக்கோணுமாமா."

"நான் வாரேன். வர்ற வரைக்கும் ரோட்டுப் பக்கம் போவக் கூடாது. தெரியுதா?"

"நீங்களும் போட்டோவுல நிக்கறீங்களா பெரிப்பா?" சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு லாரியின் ஹாரன் நுழைந்து கடந்துபோனது. விடுதியிலிருந்து சாலை அவ்வளவு பக்கமில்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்ததும் எடுத்தாள், டீ குடிக்க வந்தோம், இதோ போய்விட்டோம் என்றாள். விடுதிக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அவளைப் பேசவைத்துக்கொண்டிருந்தேன்.

நாளை முதல் பஸ்ஸில் போகிறேன். நீங்கள் எப்படிப் போனீர்கள் என்பதை, பத்திரிகையில் வராததை, இந்தமுறை அவளிடம் முழுதாகச் சொல்வேன். கேட்பாளா தெரியாது. கேட்காவிட்டால் அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு மேம்பாலத்தைப் பார்த்து நிற்பேன். அவளுக்கு என் ஒரு கை போதும். அவளுக்கு அடுத்து அந்த அரளியில் ஏறி நிற்கக் காத்திருப்பவர்களுக்கு என்ன செய்வது? வேறு யாரிடம் கேட்பதென்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.